ஒரு துப்பாக்கியின் விலை

பி.காம். படிக்கிறவனுக்கு ஆப்பிரிக்க மிஷனரியோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. டேவிட் லிவிங்ஸ்டன் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே கேள்விப்பட்டிருப்போம். விக்டோரியா அருவியைப் பார்த்த முதல் ஐரோப்பியர், காட்டுக்குள் போய்த் தொடர்பு அறுந்து போனவர், ஸ்டான்லி தேடிப் போய்ச் சந்தித்தவர்... அவ்வளவுதான் நினைவில் நிற்கும். ஆனால் வேதம் சொல்லப் போன இந்த மனிதர், போகப் போக அதிகம் பேசியது வியாபாரத்தைப் பற்றி. நேர்மையான வணிகம் உள்நாட்டுக் கிராமங்கள் வரை போய்விட்டால் அடிமை வியாபாரம் தானாகச் செத்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை. நடுவில் சிங்கம், யானை, ஒரு ஈ எல்லாம் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

லிவிங்ஸ்டன் 1813ல் ஸ்காட்லாந்தில் பிளான்டயர் என்ற ஊரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பத்து வயதில் பஞ்சாலை வேலை, காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை. நூற்பு இயந்திரத்தின் மேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, போகிற போக்கில் ஒவ்வொரு வரியாகப் படித்தாராம். (நாம் தேர்வுக்கு முதல் நாள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து படிக்கவே சலித்துக்கொள்கிறோம்!) மருத்துவம் படித்து, லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்தார். சீனாவுக்குப் போகத்தான் ஆசை. அபினிப் போர் அந்த வழியை அடைத்துவிட்டது. அந்த நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் ஊழியம் செய்துவந்த ராபர்ட் மொபாட்டைச் சந்தித்தார். மிஷனரி யாருமே கால் வைக்காத ஆயிரம் கிராமங்களின் புகையைத் தான் வடக்கே பார்த்ததாக மொபாட் சொன்னார். அந்தப் புகை இவரை இழுத்துவிட்டது. 1841ல் மொபாட்டின் ஊரான குருமானுக்கு வந்து சேர்ந்தார். 1845ல் மொபாட்டின் மகள் மேரியையே திருமணம் செய்துகொண்டார்.

முதலில் சிங்கம். மபோட்சா என்ற கிராமத்தில் சிங்கங்கள் பட்டப்பகலிலேயே மாடுகளை அடித்துக்கொண்டிருந்தன. ஊருக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று மக்கள் பயந்து போயிருந்தார்கள். 1844 பிப்ரவரியில் ஊராரோடு வேட்டைக்குப் போன லிவிங்ஸ்டன் ஒரு சிங்கத்தின் மேல் இரண்டு குண்டுகளையும் சுட்டார். மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் அது பாய்ந்து அவர் தோளைக் கவ்வி உலுக்கியது. அந்த நேரத்தில் வலியும் தெரியவில்லை, பயமும் தெரியவில்லை, பூனை வாயில் அகப்பட்ட எலிக்கு வருவது போன்ற ஒரு மயக்கம் என்று பிறகு எழுதினார். அவரைக் காப்பாற்றியது மெபல்வே என்ற ஆப்பிரிக்க ஆசிரியர். அவர் குறி வைத்துச் சுட்டார். துப்பாக்கி வெடிக்கவில்லை. சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டுவிட்டு மெபல்வேயின் தொடையைக் கடித்தது. ஈட்டியோடு வந்த இன்னொருவரின் தோளைக் கடித்தது. அதற்குள் முதலில் பட்ட குண்டுகள் வேலை செய்து, செத்து விழுந்தது. லிவிங்ஸ்டனின் இடது மேற்கை எலும்பு நொறுங்கிக் கோணலாகவே கூடியது. இந்தக் கதையைச் சொல்கிற ஓவியங்களில் சிங்கமும் வெள்ளைக்காரரும்தான் பெரிதாக இருப்பார்கள். கடி வாங்கிய மற்ற இருவரையும் ஓரத்தில்தான் தேட வேண்டும்.

இவ்வளவு ஆன பிறகும் சிங்கத்தைப் பற்றி அவருக்குப் பெரிய மரியாதை ஏதும் இல்லை. தூரத்தில் கேட்டால் அதன் கர்ஜனையும் நெருப்புக்கோழியின் சத்தமும் ஒன்றுதான் என்று எழுதிவிட்டார்! தேன்காட்டிப் பறவை என்று ஒன்று உண்டு. கத்திக் கத்தி மனிதரைத் தேன்கூட்டுக்குக் கூட்டிப்போகும். அது சில சமயம் காட்டு விலங்கிடம் கொண்டுபோய் விட்டுவிடும் என்று பேச்சு. லிவிங்ஸ்டன் தன்னோடு நடந்த 114 பேரிடமும் விசாரித்தார். அப்படி யானையிடம் போய் மாட்டியவர் ஒரே ஒருவர்தான் என்று தெரிந்தது. மாதிரிக் கணக்கெடுப்பு என்று நாம் புள்ளியியலில் படிப்பதை அவர் காட்டில் செய்திருக்கிறார்.

அடுத்து, அவர் கடைசியாக வீடு கட்டி வாழ்ந்த கொலோபெங். இன்றைய போட்ஸ்வானாவில் இருக்கிறது. அங்கே பக்வேனா மக்களின் தலைவர் செச்செலே. இவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். எழுத்துகளை ஒரே நாளில் கற்றுக்கொண்டார். பைபிளில் ஏசாயா தீர்க்கதரிசிதான் அவருக்கு ரொம்பப் பிடித்தவர். தன் மக்கள் வெறும் பேச்சுக்கு மசிய மாட்டார்கள், காண்டாமிருகத் தோல் சாட்டையால் நாலு போட்டால் எல்லோரும் விசுவாசிகளாகிவிடுவார்கள் என்று மிஷனரிக்கே யோசனை சொன்னார். லிவிங்ஸ்டன் சம்மதிக்கவில்லை. 1848ல் செச்செலே ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக, ஐந்து மனைவியரில் நால்வரைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் அழுதார்கள். சில மாதங்களில், அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் செச்செலேயின் குழந்தையைச் சுமப்பது தெரிந்தது. லிவிங்ஸ்டன் மனமுடைந்து அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தார். முப்பது வருட ஆப்பிரிக்க வாழ்க்கையில் லிவிங்ஸ்டன் மதம் மாற்றியவர் என்று சொல்லக்கூடியவர் இந்த ஒருவர்தான்!

அந்த வருடங்களில் மழையும் பொய்த்தது. பழைய மழை வைத்தியரோடு லிவிங்ஸ்டன் நடத்திய வாதத்தை அவரே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். உங்கள் மருந்தால் மழை வரவில்லையே என்று இவர் கேட்கிறார். நீங்கள் மருந்து கொடுத்த நோயாளியும் சில சமயம் சாகிறான், அதற்காக வைத்தியத்தை விட்டுவிட்டீர்களா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். யார் ஜெயித்தார்கள் என்று படித்தவர் முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். எனக்கு மழை வைத்தியர் பக்கம் ஒரு புள்ளி கூடுதலாகத் தெரிகிறது.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம்.

1849ல் லிவிங்ஸ்டன், ஆஸ்வெல் என்ற ஆங்கிலேய வேட்டைக்காரர் முதலானவர்களோடு களஹாரி பாலைவனத்தைத் தாண்டி ங்காமி ஏரிக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் படவானா மக்கள். யானையைக் கறிக்காகக் கொல்வார்கள். தந்தம்? அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'எலும்பு'. விழுந்த இடத்திலேயே மற்ற எலும்புகளோடு தந்தமும் மண்ணில் கிடந்து மட்கிப்போவதை எட்டு இடங்களில் லிவிங்ஸ்டன் தன் கண்ணாலேயே பார்த்தார். கூட வந்த ஒரு வியாபாரி 10 பெரிய தந்தங்களுக்கு ஒரு துப்பாக்கி என்ற விலையில் வாங்கினார். அந்தத் துப்பாக்கியின் மதிப்பு 13 ஷில்லிங். அடுத்த இரண்டு வருடத்துக்குள், தந்தத்தின் மதிப்புத் தெரியாத ஆளே அங்கு இல்லை என்கிறார் லிவிங்ஸ்டன்.

அடுத்த காட்சி வடக்கே, மகோலோலோ மக்களின் நாட்டில். அவர்களுடைய தலைவர் செபிட்வானே. 1850ல் மேற்கிலிருந்து மம்பாரி என்ற வியாபாரிகள் பழைய போர்ச்சுகீசியத் துப்பாக்கிகளோடு அங்கே வந்தார்கள். செபிட்வானேக்கு எதிரிகள் அதிகம், துப்பாக்கி அவசியம். மாடு தருகிறேன், தந்தம் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். வந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். 14 வயது மதிக்கத்தக்க பையன்கள்தான் வேண்டும் என்றார்கள். மனிதரை விற்பது என்ற ஒன்றை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை, அது எங்களுக்குப் பிடிக்கவும் இல்லை என்று மகோலோலோ மக்கள் பிறகு லிவிங்ஸ்டனிடம் சொன்னார்கள். ஆனாலும் துப்பாக்கி ஆசை வென்றது. எட்டுத் துப்பாக்கிகள், எட்டுப் பையன்கள். அவர்களும் மகோலோலோ பிள்ளைகள் அல்ல, அவர்களிடம் தோற்ற இனங்களின் பிள்ளைகள்.

பாருங்கள். 1849ல் ஓரிடத்தில் ஒரு துப்பாக்கி = 10 தந்தம். 1850ல் இன்னோரிடத்தில் ஒரு துப்பாக்கி = ஒரு பையன். இந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் லிவிங்ஸ்டன் தன் கொள்கைக்கு வந்தார் என்று நான் நினைக்கிறேன். தந்தத்துக்குத் துப்பாக்கியும் துணியும் தர ஒரு நேர்மையான வியாபாரி வந்திருந்தால் அந்த எட்டுப் பையன்களும் வீட்டில் இருந்திருப்பார்கள். ஆகவே வழி திற, ஆற்றைக் கண்டுபிடி, சந்தையைக் கொண்டு வா. கேட்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது!

சிக்கல் போக்குவரத்துச் செலவில் இருந்தது. இங்கேதான் அந்த ஈ வருகிறது. ட்செட்சி ஈ. பார்ப்பதற்கு நம் வீட்டு ஈயை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். 1851 பயணத்தில் இதனால் மட்டும் 43 மாடுகளை இழந்ததாக அவர் எழுதுகிறார். காட்டு விலங்குகளுக்கு ஒன்றும் ஆகாது. மாடும் குதிரையும் கடிபட்டால் மெலிந்து மெலிந்து சாகும். ட்செட்சி இருக்கும் நாட்டில் வண்டி இல்லை, பொதி மாடு இல்லை, குதிரை இல்லை. எல்லாச் சரக்கும் மனிதர் தலையில்தான் போக வேண்டும். ஒரு பெரிய ஆண் யானையின் தந்தம் ஓர் ஆள் தூக்கும் பாரம். கடற்கரையோ நூற்றுக்கணக்கான மைல். அப்படியானால் தந்தத்தை வாங்குகிறவனுக்கு அதைச் சுமக்க ஆள் வேண்டும். ஆளையும் சேர்த்தே வாங்கினால்? கடற்கரையில் இரண்டையும் விற்கலாம். நல்ல வணிகம் கெட்ட வணிகத்தை விரட்டும் என்று லிவிங்ஸ்டன் நம்பினார். அங்கே இரண்டும் ஒரே வரிசையில், ஒரே பாதையில் நடந்து போயின. (எல்லாச் சுமையாளரும் அடிமைகள் அல்ல. கிழக்குக் கரையின் தந்த வணிகத்தில் நியாம்வேசி மக்கள் கூலிக்குச் சுமப்பதையே தொழிலாகக் கொண்டிருந்ததைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.)

செபிட்வானே 1851ல் லிவிங்ஸ்டனைச் சந்தித்த சில நாட்களிலேயே இறந்துபோனார். அவருக்குப் பின் சீக்கிரமே மகன் செகெலெட்டு பட்டத்துக்கு வந்தார். கடலுக்கு வழி தேடும் பயணத்துக்கு முதலீட்டாளர் இவர்தான், இங்கிலாந்து அல்ல. ஆட்கள் அவருடையவர்கள், விற்பனைக்குப் போன தந்தம் அவருடையது. 1853 நவம்பரில் 27 பேரோடு புறப்பட்ட லிவிங்ஸ்டன் 1854 மே மாதம் அட்லாண்டிக் கரையில் லுவாண்டாவை அடைந்தார். காய்ச்சலில் பாதி உயிர் போயிருந்தது. அங்கிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் அவரை ஊருக்குக் கூட்டிப்போகத் தயாராக இருந்தன. கூட வந்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்று மறுத்துவிட்டார். இவருடைய எத்தனையோ குறைகளை அடுக்கலாம், ஆனால் இந்த ஒரு முடிவுக்காக எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் உடம்பு தேறும் வரை அந்த 27 பேர் சும்மா இருக்கவில்லை. விறகு வெட்டி விற்றார்கள். ஒரு கப்பலிலிருந்து 'எரியும் கல்'லை இறக்கிக் கூலி வாங்கினார்கள். நிலக்கரியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் காசில் துணிமணி வாங்கிக்கொண்டார்கள். திரும்பும் வழியில் நோயிலும் தாமதத்திலும் அதெல்லாம் கரைந்து, போனது போலவே வெறுங்கையோடு 1855ல் ஊர் சேர்ந்தார்கள். ஆனால் 27 பேரும் உயிரோடு.

அடுத்தது கிழக்குக் கரை. இந்த முறை 114 பேர், மறுபடியும் செகெலெட்டுவின் செலவு. 1855 நவம்பரில் ஜாம்பெசி ஆற்றில் அந்த அருவி. உள்ளூர்ப் பெயர் மோசி-ஓவா-துன்யா, இடிமுழங்கும் புகை. இவர் விக்டோரியா என்று பெயர் வைத்தார். அதன் அகலத்தையும் உயரத்தையும் உண்மையை விட வெகுவாகக் குறைத்தே மதிப்பிட்டார். (அகலம் சுமார் 1,700 மீட்டர், உயரம் 108 மீட்டர்.) சொத்து மதிப்பைக் குறைத்துக் காட்டிய முதல் கணக்கு என்று எங்கள் வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள்!

வழியில் டெட்டே என்ற போர்ச்சுகீசிய ஊரில் ஆட்களை விட்டுவிட்டு, கட்டாயம் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு, 1856ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே அவர் தேசிய வீரர். 1857ல் வந்த புத்தகம் அமோக விற்பனை. அதே வருடம் மிஷனரி சங்கத்தை விட்டும் விலகினார். டிசம்பரில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் முன்னால் நின்று, வணிகத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் வழி திறக்கவே நான் ஆப்பிரிக்காவுக்குத் திரும்புகிறேன் என்று பேசினார்.

1858ல் திரும்பி வந்தபோது டெட்டேயில் அந்த ஆட்கள் காத்திருந்தார்கள். 30 பேர் அம்மையில் செத்திருந்தார்கள். 6 பேரை ஒரு தலைவன் கொன்றிருந்தான்.

இந்த முறை அரசாங்கப் பணம், நீராவிப் படகு, வெள்ளைக்கார உதவியாளர்கள் எல்லாம் உண்டு. ஆனால் ஆறு ஒத்துழைக்கவில்லை. 1856ல் அவர் குறுக்கு வழியில் நடந்து போனதால் பார்க்காமல் விட்ட கஹோரா பாசா பாறை வீழ்ச்சிகளைப் படகால் தாண்ட முடியவில்லை. அவர் பேச்சை நம்பி மகோலோலோ நாட்டுக்கு வந்த மிஷனரிக் குடும்பங்களில் பெரும்பாலோர் 1860ல் காய்ச்சலில் மாண்டார்கள். மனைவி மேரியும் 1862ல் ஜாம்பெசிக் கரையில் ஷுப்பாங்காவில் இறந்தார். செகெலெட்டு 1863ல் இறந்தார், அடுத்த வருடமே மகோலோலோ ஆட்சி சிதறியது. இரண்டு பயணத்துக்கு முதல் போட்டவருக்குக் கிடைத்த லாபம் என்று பார்த்தால், லுவாண்டாவிலிருந்து வந்த ஒரு ராணுவ உடுப்பும் சில பரிசுகளும்தான்.

இதை விடக் கொடுமை ஷிரே ஆற்றுப் பக்கம் (இன்றைய மலாவி) நடந்தது. அதுவரை போர்ச்சுகீசிய அடிமை வியாபாரிகள் நுழையத் துணியாத கிராமங்கள் அவை. லிவிங்ஸ்டன் போய் நட்புச் சம்பாதித்தார். பின்னாலேயே, நாங்கள் லிவிங்ஸ்டனின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் நுழைந்தார்கள். தான் திறந்த வழியிலேயே அவர்கள் வருவதை அவரே கசப்போடு எழுதினார். 1861 ஜூலையில் ஒரு கிராமத்தில் கழுத்தில் கவைக்கட்டையோடு நடத்திக்கொண்டு போகப்பட்ட 84 பேரை அவர் குழு விடுவித்தது. அவர்களில் சூமா என்ற சிறுவனும் ஒருவன். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1863ல் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. லிவிங்ஸ்டன் தன் சொந்தப் பணத்தில் வாங்கிய சிறு கப்பலை இந்துமாக்கடலின் குறுக்கே தானே ஓட்டிக்கொண்டு பம்பாய் வந்து சேர்ந்தார். கப்பலை அடிமாட்டு விலைக்கு விற்றார். அந்தப் பணத்தைப் போட்ட வங்கியும் திவாலானது! சூமாவை பம்பாயில் பள்ளியில் சேர்த்தார். 1866ல் கடைசிப் பயணம் தொடங்கியபோது கூட வந்தவர்களில் பம்பாய்ச் சிப்பாய்களும், மீட்கப்பட்ட அடிமைச் சிறுவர்களுக்காக நாசிக்கில் நடந்த பள்ளியில் படித்த ஆப்பிரிக்க இளைஞர்களும் இருந்தார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. சான்சிபார் தீவிலிருந்து புறப்பட்ட தந்தத்தில் ஒரு பகுதி பியானோ கட்டைகளாகவும் பில்லியர்ட்ஸ் பந்துகளாகவும் மேற்கே போனது. இன்னொரு பகுதி பம்பாய்க்கு வந்து கல்யாண வளையல் ஆனது. சான்சிபாரின் சுங்க வசூலைப் பல வருடம் குத்தகைக்கு எடுத்திருந்தது ஜெய்ராம் சிவ்ஜி என்ற கட்ச் வணிகரின் நிறுவனம். உள்நாட்டுக்குப் போன அரபு, சுவாஹிலி வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். லிவிங்ஸ்டனுக்கு உதவி என்று சான்சிபாரிலிருந்து அனுப்பப்பட்ட ஆட்களே பனியா வணிகர்களின் அடிமைகள்தான். மருந்துப் பெட்டி திருடு போய், சரக்கு தீர்ந்து, நோயில் விழுந்த லிவிங்ஸ்டனுக்குச் சோறு போட்டுக் காப்பாற்றியவர்களும் அடிமை வியாபாரிகளே.

1871ல் அவர் இன்றைய காங்கோவில் லுவலாபா ஆற்றங்கரையில் நியாங்வே என்ற ஊரில் இருந்தார். அங்கே ஒரு சந்தை. பெண்கள் படகில் வருவார்கள். மீன், உப்பு, மண்பானை, கோழி, கிழங்கு. அவர்களுடைய பேரமும் சிரிப்பும் சண்டையும் லிவிங்ஸ்டனுக்கு அவ்வளவு பிடிக்கும். நாள் கணக்கில் போய் வேடிக்கை பார்ப்பார். அவர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவர விரும்பிய நேர்மையான வணிகம், அவர் வருவதற்கு முன்பே அங்கே ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தது. ஜூலை 15ம் தேதி ஒரு கோழி பேரத்தில் தொடங்கிய தகராறைத் தொடர்ந்து வியாபாரிகளின் ஆட்கள் கூட்டத்தின் நடுவே துப்பாக்கியால் சுட ஆரம்பித்தார்கள். ஓடியவர்கள் படகுகளில் ஏற முடியாமல் ஆற்றில் மூழ்கினார்கள். செத்தவர்கள் 300லிருந்து 400 வரை, பெரும்பாலும் பெண்கள். அவர் கையில் அப்போது நோட்டுப் புத்தகம்கூட இல்லை. பழைய செய்தித்தாளின் மேல், செடிச் சாற்றை மையாக்கி அன்று எழுதினார். மங்கிப்போன அந்த எழுத்தை நவீனப் படமெடுப்பு முறையில் மீட்டு 2011ல் வெளியிட்டார்கள். அவர் பிறகு நிதானமாகத் திருத்தி எழுதியதற்கும் அன்றைய குறிப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது. தன் கூட இருந்த ஆட்களைப் பற்றிய கசப்பு மூலத்தில் அதிகம்.

அதன்பிறகு உஜிஜிக்குத் திரும்பினார். 1871 இறுதியில் ஸ்டான்லி வந்து சந்தித்தது அங்கேதான். ஸ்டான்லி மூலம் வெளியே போன நியாங்வே செய்தி பிரிட்டனில் கொதிப்பைக் கிளப்பியது. 1873 ஜூன் 5ம் தேதி சான்சிபார் சுல்தான் அடிமைச் சந்தையை மூடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். லிவிங்ஸ்டன் அதற்கு ஒரு மாதம் முன்பே, மே 1ம் தேதி, இன்றைய ஜாம்பியாவில் சிட்டாம்போவின் கிராமத்தில் இறந்துவிட்டார்.

உடன் இருந்தவர்கள் சூசி, சூமா, நாசிக்கில் படித்த ஜேக்கப் வெயின்ரைட் முதலான சுமார் 60 பேர். இறந்தவரை அங்கேயே புதைத்துவிட்டு ஊர் பார்த்துப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் இதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்து, உடலுக்கு உப்பு போட்டு இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி, துணியிலும் மரப்பட்டையிலும் சுற்றி, ஆயிரம் மைலுக்கு மேல் தோளில் சுமந்துகொண்டு 1874 பிப்ரவரியில் பாகமோயோ கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பிரிட்டிஷ் அதிகாரி உடலைப் பெற்றுக்கொண்டு, கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். உடல் அவர்தானா என்று லண்டனில் உறுதி செய்தது சிங்கம் நொறுக்கிய அந்த எலும்பை வைத்து. ஏப்ரல் 18ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த அடக்கத்துக்கு, சுமந்து வந்தவர்களில் வெயின்ரைட் மட்டும்தான் வந்திருந்தார். சூசியும் சூமாவும் எல்லாம் முடிந்த பிறகு இங்கிலாந்துக்கு வரவழைக்கப்பட்டு, கடைசி நாட்குறிப்புகளைப் புத்தகமாக்க உதவினார்கள். ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி அந்த 60 பேருக்கும் வெள்ளிப் பதக்கம் அடித்தது. பதக்கங்கள் சான்சிபார் போய்ச் சேர்ந்தபோது பலர் எங்கெங்கோ கலைந்து போயிருந்தார்கள்.

செச்செலேயை விட்டுவிட்டேனே! 1852ல் போயர் குடியேறிகள் அவருடைய ஊரைத் தாக்கி, கொலோபெங்கில் லிவிங்ஸ்டனின் வீட்டையும் சூறையாடினார்கள். அவருக்கு லிவிங்ஸ்டன் பீரங்கி கொடுத்திருக்கிறார் என்று வதந்தி. கொடுத்தது ஒரு பெரிய சமையல் பானையாம்! விக்டோரியா மகாராணியிடமே நேரில் முறையிடப் புறப்பட்ட செச்செலே, கேப் டவுன் வரை போய்க் காசில்லாமல் திரும்பினார். ஊருக்கு வந்து, மிஷனரி யாரும் இல்லாமல், தானே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, தானே ஞாயிறு தோறும் பிரசங்கமும் செய்தார். மழைச் சடங்கையும் விடவில்லை. 1892 வரை வாழ்ந்தார்.